செல்விக்குக் கொடுத்த பேப்பர் கப்

ஐப்பசி 9, புதன்

பிறந்த கன்று மூச்சுவிடவில்லை. மாட்டுக்கொட்டகை வேலைக்குப் புதிதாக வந்த செல்வி, அதன் மூக்கிலிருந்த சளியை வாயால் உறிஞ்சித் துப்பினாள். கன்று பிழைத்தது. எனக்குக் குமட்டியது. வாய் கொப்பளித்துவிட்டு வந்தவளுக்கு மருமகள் பேப்பர் கப்பில் டீ கொடுத்தாள். நேற்றுவரை எங்கள் டம்ளரில்தான் குடித்தாள்.

"இனிமே இவளுக்கு இதுதான் அத்தை."

நான் என் டம்ளரில் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். செல்வி சிரித்தாள். "கன்னுக்குட்டிக்கும் பேப்பர் கப்புதானா பெரியம்மா?"

பண்ணையார் வீட்டுக் கொல்லையில் வேலை செய்த என் அம்மாவுக்குக் கொட்டாங்கச்சியில்தான் காபி ஊற்றுவார்கள். அதை நினைத்து இன்றுவரை கொதிக்கிறவள் நான். சொந்தமாக எட்டு மாடு வந்ததும் நானே அதைச் செய்ய விட்டுவிட்டேன். சீ, இப்போது என்னை நினைத்தால்தான் குமட்டுகிறது. காலையில் என் டம்ளரிலேயே டீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்குவாளோ என்னவோ.