மிச்சம் ஒரு கிச்சிலிப் பழம்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? சாந்தோம் கோயிலுக்கு நடக்காமல் ஆட்டோவில் போங்கள்.

இங்கே ஹாங்காங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கவாதத்தில் பேச்சுப் போன பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன் அல்லவா? ஒரு வார்த்தை சொன்னால்தான் அடுத்த கரண்டி கஞ்சி என்று, நானும் அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டே, பதினோரு மாதம் அவரைப் பேசப் பழக்கினேன். அவர் முறைப்பார், நான் விடமாட்டேன். தண்ணீர், கஞ்சி, மகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாக முழு வாக்கியம் பேசினார். மகளைக் கூப்பிட்டு, என்னைக் கைகாட்டி, "இந்தப் பொம்பளை இனி வேண்டாம், அனுப்பிடு" என்றார். கடைசி வார்த்தை கொஞ்சம் குழறியது. பழக்க தோஷம், திருத்திவிட்டேன். அவரும் சமர்த்தாக இன்னொரு முறை தெளிவாகச் சொன்னார்.

மகள் சிரித்துக்கொண்டே "தாக் கோ காட்" என்றாள். மாடாய் உழைத்தும் கடைசியில் கைக்கு வந்தது ஒரு கிச்சிலிப் பழம்தான் என்று இவர்கள் கேலியாகச் சொல்வதாம். அது ஒன்றுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

பத்தாம் தேதி வருகிறேன். பங்குக் கோயிலில் யாராவது கேட்டால் லீவு என்று சொல்லுங்கள். சுக்குப்பொடி அரைத்து வையுங்கள். ஏர்போர்ட்டில் என்னைத் தூரத்திலேயே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெரியவருக்கு எத்தனையோ வார்த்தை சொல்லிக் கொடுத்தேன், என் பேரைச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவே இல்லை.

ஊருக்கு இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஸ்டெல்லா வாசலில் நிற்கிறாள்.

டெல்பின்