இடது கை என்னுடையது

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

போன வாரக் கச்சேரிக்கு நடுவே டிரம் குச்சி முறிந்து என் வலது உள்ளங்கையைக் கொஞ்சம் கீறிவிட்டது. இரண்டே தையல்தான், பதறாதே.

எங்கள் குழுவின் பெரிய டிரம்மர் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தேனே! அவர் கேசட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வாசிக்கக் கற்றேன். நான் சேர்ந்த அன்றே, "இவன் என் நிழல்டா. நான் கை தூக்கினா இவனும் தூக்குவான்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். நான் மறக்கவில்லை.

அடிபட்ட கையால் அவருடைய வேகமான உருட்டல் எதுவும் வரவில்லை. இடது கையையும் காலையும் நம்பி, நடுநடுவே அடிக்காமல் இடம் விட்டு வாசித்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வலது கை அவர் கொடுத்தது, மறுக்கவில்லை. இடது கை என்னுடையது.

மறுநாள் ஒத்திகையில் அண்ணன் அதே மாதிரி இடம் விட்டு வாசித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது யாரோட நிழல்?" என்றேன்.

பாடகி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

டிரம்முக்குள் வைத்துச் சத்தத்தை அடக்க ஒரு பழைய தலையணை வேண்டும். உன்னுடையதையே அனுப்பு. உறையைத் துவைக்காதே.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து, நான் இடம் விட்டு வாசித்ததையே அடித்துப் பழகுகிறார். எங்கே தப்புகிறது என்று எனக்குத் தெரிகிறது. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

அவசரத்தில்,
உன்னவன்