மேல் தட்டுத் துணிச்சுருள்

மகனுக்கு,

டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொன்னது தவறு. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம்.

"என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றாய். இருபத்தெட்டு வருஷமாகத் தையல் கடை நடத்துகிறவள் பக்கத்து நாற்காலியில் கழுத்துப் பட்டையில் தொங்கும் கையோடு உட்கார்ந்திருந்தேன். வெளியாள் முன்னால் மகனை மறுத்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். உன்னுடையதையும் நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையால் என்ன ஆயிற்று தெரியுமா? மூன்றாவது வாரம் கழற்றியிருக்க வேண்டிய பட்டை ஐந்து வாரம் கழுத்தில் கிடந்தது. சும்மா இருப்பவளுக்கு என்ன அவசரம்? கழற்றிய அன்று வலது கை என் தாடைக்கு மேல் ஏறவில்லை. பிசியோதெரபி பெண், "இந்த வயசுக்கு இவ்வளவு நாள் கட்டிவைத்தால் தோள் இறுகிப்போகுமே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் எழுதித் தந்த சீட்டை வாங்கிப் படித்தாள். "வீட்டில் இருப்பவர். தலை வார, உடை மாற்றக் கை எட்டினால் போதும்" என்று எழுதியிருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு சொன்னேன், எனக்குத் தலைக்கு மேல் பதினாறு அங்குலம் எட்ட வேண்டும், அங்கேதான் என் கடையின் மேல் தட்டு இருக்கிறது என்று. அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். எனக்கு வைத்தியம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

நான் நாலாம் வகுப்பு. தையலை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உன் அப்பாவின் பழைய சட்டையைத் தையல் தையலாகப் பிரித்து, திரும்பச் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். தோளை அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது, அதுதான் சிக்கல். சட்டையிலும் கை வந்து சேரும் கைக்குழிதான் கஷ்டமான இடம்.

இந்த மேதாவித்தனத்தால் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டச் சொல்லியிருந்தாள். வெறுங்கையை ஆட்டுவதில் என்ன பலன் வரப்போகிறது என்று நினைத்து, பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஆட்டினேன். சுருக்கம் எடுக்கிற கனம் இறுக்கத்தையும் எடுக்கும் என்று என் கணிப்பு. இரண்டு நாள் கையை அசைக்க முடியவில்லை. அவள் கோபப்படவில்லை. "அம்மா, தோளு துணி இல்ல" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து அவள் சொல்வதை மட்டும் செய்கிறேன். இதை உன் மனைவியிடம் சொல்லிச் சிரிக்காதே.

இப்போது தினமும் மூன்று வேளை சுவரில் விரல்களை நடக்கவிடுகிறேன். எட்டிய இடத்தில் துணியில் குறி போடும் சாக்பீஸால் கோடு, பக்கத்தில் தேதி. முதல் கோடு தரையிலிருந்து ஐம்பது அங்குலம். இன்று காலை எழுபத்தொன்று. தட்டு எழுபத்தாறில் இருக்கிறது. கடைசி இரண்டு அங்குலம் வராமலே போகலாம் என்று அந்தப் பெண் நேர்மையாகச் சொல்லிவிட்டாள். வரும்.

அடுத்த விஷயம் கடை. கடையை வாடகைக்கு விட்டிருக்கும் கட்டிடக்காரர் என் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். "மகன் வீட்டோடவே போறீங்களாமே, நல்லதுதான்" என்றார். மாதக் கடைசியில் காலி செய்வதாக நீ சொல்லிவிட்டுப் போனதை நான் அவர் வாயால் தெரிந்துகொண்டேன். சாவி உன் பையில். மறுநாளே பூட்டுக்காரரை அழைத்துப்போய்ப் பூட்டை அறுத்தேன். நம் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா போடுகிற பெண் கூட வந்தாள். "அக்கா, சொந்தக் கடையிலயே திருட வந்துட்டோமே" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். புதுப் பூட்டின் சாவி இரண்டும் என்னிடம்.

கெட்ட எண்ணத்தில் நீ செய்யவில்லை. நான் விழுந்த செய்தி கேட்டு வந்தவன் வாசலிலேயே நின்று அழுதாய், அதை நான் மறக்கவில்லை. ஆனால் உன் பயம் தீர என் கையைக் கட்டிப்போடாதே.

இனி நடக்க வேண்டியது:

கட்டிடக்காரரிடம் நீயே பேசி, அம்மா காலி செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். நான் சொல்லியாயிற்று. ஆனாலும் சொன்ன வாய்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிடு.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கும்போது கூட வருவதானால் வா. கேள்வி கேட்டால் கூரையைப் பார்.

உன் மனைவி "வலிக்குதா அத்தை" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "இன்னைக்கு எத்தனை அங்குலம்" என்று கேட்கட்டும்.

காஜா போடுகிறவள் அந்த ஆடும் முக்காலியை உடைத்துப் போட வேண்டும். படி வைத்த ஏணி வந்துவிட்டது. மேல் தட்டுச் சுருள்களை அவள் கீழே இறக்கி அடுக்கட்டும், ஓரத்தில் இருக்கும் சாம்பல் நிறச் சுருள் ஒன்றைத் தவிர. அதை யாரும் தொடக் கூடாது. முக்காலி சாய்ந்தபோது நான் இழுத்துக்கொண்டிருந்தது அதைத்தான். யாருக்காக அப்படி அவசரமாக இழுத்தீர்கள் என்று நீ திட்டினாய். ஒரு வாடிக்கைக்காரருக்கு என்றேன். அதை இறக்க வேண்டியது நான், இந்த வலது கையால்.

அந்த வாடிக்கைக்காரர், தன் பேன்ட் எதுவும் இடுப்பில் பூட்ட முடியவில்லை என்று போனில் தன் அம்மாவிடம் சலித்துக்கொண்டவர், இடுப்பளவை எடுத்து எழுதி அனுப்ப வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்கக் கூடாது.

நன்றாக இரு.

அம்மா