சிவப்புப் பூச்சு வைத்த ஊசி

5 ஜனவரி 2003, அரியூர் நாடு

இன்றும் என் மாடல் ஜெட் எழும்பவில்லை. ரப்பர் கயிற்றை இழுத்து விட்டதும் பனைமர உயரம் போயிற்று. பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு இறங்கி, செங்கோடனின் அறுத்த வயலில் வயிறு தேய உட்கார்ந்தது. கீழே நாமக்கல்லில் இருந்தவரை இதே இன்ஜின் அலறும்.

செங்கோடன் வரப்பில் நின்று, "கொசு பூராம் ஓடிப்போச்சுங்க சாமி. நாளைக்கும் வந்து ஓட்டுங்க" என்றான்.

19ஆம் தேதி ராசப்பன் மலைக்கு வருகிறான். மாடல் விமானச் சங்கத்தின் செயலாளர். கல்லூரியில் என்னோடு இயற்பியல் நடத்தியவன். "உங்க பிளேனு எங்கீங்க பறக்கப் போகுது" என்று சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தவன். வந்து பார் என்று நான்தான் அழைத்தேன். வரட்டும். அவன் கண்ணெதிரே பறக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் சொன்னதே நிலைத்துவிடும்.

8 ஜனவரி

வேறு எரிபொருள். புது பிளக். இன்ஜின் சுழற்றும் விசிறியைக் கழற்றிச் சமன் பார்த்தேன். இறக்கையில் கூடுதலாக இருந்த பெயின்ட்டையும் சுரண்டியாயிற்று.

அதே புகை.

9 ஜனவரி

என் மனைவி சுமித்ரா கேட்கிறாள்: "ஏனுங்க, எல்லாத்தையும் கழட்டறீங்க. அந்தச் செவப்பு ஊசிய மட்டும் தொடவே மாட்டீங்கறீங்களே?"

தொடமாட்டேன். இன்ஜினுக்குள் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகு அது. போன வருடப் போட்டியில் நான் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து ராசப்பன் அதைத் திருகினான். இன்ஜின் நடுவானில் நின்றது. நான் சொன்னதை யார் நம்பினார்கள்? மறுநாளே சரியான அளவில் வைத்து, சுமித்ராவின் நகப்பூச்சால் முத்திரை வைத்தேன். இன்றுவரை அது உடையவில்லை. அளவு சரி. சரிதான்.

12 ஜனவரி

சுமித்ரா சேந்தமங்கலத்திலிருந்து மிக்சர் பாக்கெட் வாங்கி வந்தாள். பலூன் மாதிரி உப்பியிருந்தது. "பஸ்ஸு மலையேற ஏற ஊதிக்கிட்டே வந்துச்சுங்க, வெடிச்சுருமோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே காற்று அடர்த்தி குறைவு. எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! காற்று குறைந்திருக்கிறது, எரிபொருள் மட்டும் பழைய அளவில் பாய்கிறது. முழுதாக எரியாது; புகையாமல் வேறென்ன செய்யும்? அளவு சரிதான் — நாமக்கல்லுக்கு.

பூச்சைக் கத்தியால் சுரண்டினேன். முத்திரையை உடைத்தவன் நானே. ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகினேன். புகை மெலிந்தது. அப்புறம் அந்த அலறல்! ஜெட் வயலைச் சுற்றிச் சுற்றி வந்தது. இறக்க மனமே வரவில்லை.

19 ஜனவரி

ராசப்பன் பார்த்தான். என் ஜெட் மிளகுத் தோட்டத்துக்கு மேலே திரும்பி, அவன் தலைக்கு நேராகக் கடந்தது. "பரவால்லீங்க" என்றான். பரவாயில்லையாம்!

பிறகு அவனுடையதை விட்டான். வெள்ளைப் புகை. வயிறு தேய வயலில்.

"இதுவும் கொசு மருந்துங்களா சாமி?" என்றான் செங்கோடன். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ராசப்பன் பிளக்கை மாற்றினான். எரிபொருளை மாற்றினான். அவனும் இயற்பியல்தானே நடத்தினான்? நன்றாகத் திணறட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் அவனிடம் போனேன்.

"உங்க ஊசியத் தொடலாமுங்களா?" — அவனோடு வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.

அவன் முகம் தாழ்ந்தது. "தொடுங்க."

திருகினேன். பறந்தது.

போன வருட விஷயத்தை அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திருகினவன் அவன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் நான் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

20 ஜனவரி

நகப்பூச்சுப் புட்டியைச் சுமித்ராவிடம் திருப்பிக் கொடுத்தேன். காய்ந்துபோய்விட்டதாம். புதுசு வேண்டுமாம்.