மஞ்சள் தண்ணீர் குடித்த வயர்

2.10, வியாழன்
காலையில் வெயில், பிறகு மப்பு. பூசைச் சாமான் கழுவ வேண்டும். பொரி மிச்சம், அதற்குள் எறும்பு.

கம்பம் மறுபடி ஏறிவிட்டது. நேற்று ஆயுத பூசைக்கு இவருடைய ரேடியோ ஏரியலை இறக்கிப் பொட்டு வைத்தோம். வருஷா வருஷம் என் கொழுந்தன் சந்திரன் வயர் மாட்டுகிற இடத்தில் சுற்றின டேப்புக்கு மேலேயே சந்தனத்தைத் தடவிவிட்டுப் போவான். இந்தத் தடவை நான் விடவில்லை.

"பூசை டேப்புக்கா, சந்திரா? பிரி."

பிரித்தான். வயரின் வாய் திறந்தது. சந்தனம், குங்குமம். பிறகு அந்த வாயை மஞ்சள் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, இரவு முழுக்கச் சாமி முன்னால். இவர் ஊர்விட்டு ஊர் பேசும் ரேடியோ செட்டுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. இன்று காலை சந்திரன் துடைத்து, மாட்டி, டேப் சுற்றி ஏற்றினான்.

செட்டில் ஒரு முள் உண்டு. ஏரியலுக்கு அனுப்புவதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். ஒன்றில் நின்றால் ஒன்றும் திரும்பவில்லை, நல்லது. மூன்றைத் தாண்டினால் செட்டுக்கு ஆபத்து. எஸ்டபிள்யூஆர் என்பார் இவர். எனக்கு முள். எப்போதும் இரண்டை ஒட்டி நிற்கும். இன்று ஒன்றைத் தொட்டுக்கொண்டு.

"பாத்தியா லெட்சுமி, சரஸ்வதியே வந்து உக்காந்துட்டா."

சாயங்காலம் செட்டில் மலாக்கா சிநேகிதர் குணரத்தினத்தைக் கூப்பிட்டார். பதில் இல்லை.

4.10, சனி
மழை. துணி காயவில்லை. வெங்காயம், உளுந்து, கற்பூரம்.

இன்றும் பதில் இல்லை. இவர் "மலாக்கா, மலாக்கா" என்று கூப்பிட்டு, மைக்கைக் காதருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மைக்கில் ஏதோ கேட்கும் என்பதுபோல். சர்க்கரையில் கால் போனதிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. எங்கள் நியாலாசிலிருந்து மலாக்கா டவுனுக்கு இந்தச் சாயங்காலப் பேச்சு ஒன்றுதான் இவருக்குப் போக்குவரத்து.

செட்டு கெடவில்லை. சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்பும் மலை உச்சி எந்திரம் வழியாக மற்றவர்கள் கத்துவது கேட்கிறது. முள்ளும் ஒன்றில். எல்லாம் சரி. ஆள்தான் சரியில்லை.

காரணம் எனக்குத் தெரியும். பூசைக்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கடலோரம் உம்பாயில் எந்தக் கடை மீன் நல்ல மீன் என்று. "நியாலாசில இருக்கிறவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும், மணியம்" என்றார் குணரத்தினம். இவர் பட்டென்று செட்டை அணைத்தார். எண்பதை நெருங்கும் மனுஷர்கள்.

7.10, செவ்வாய்
வெயில் கொளுத்தியது. முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்தேன்.

மாவைப் பார்த்தால் பழசெல்லாம் வருகிறது. குணரத்தினம் யாழ்ப்பாணத்து ஆள், ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் சந்திரனிடம் ஒரு டின் முறுக்கு கொடுத்து அனுப்புகிறேன். சந்திரன் மலாக்காவில் லாரி ஓட்டுகிறான், போகிற வழிதான். ஒரு தடவையாவது "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை? கிடையாது. டின்னும் திரும்பாது. வெறும் டின்னாகக்கூட இல்லை. சிவப்பு மூடி, மயில் போட்டது, என் பெரியவள் பிறந்தபோது வாங்கினது. அது போய்ப் பச்சை மூடி. அதுவும் போயிற்று. எனக்கு எல்லா மூடியும் நினைவிருக்கிறது.

இவரிடம் சொன்னால், "அவரு அந்த மாதிரி ஆளு இல்ல லா." பிறகு எந்த மாதிரி?

10.10, வெள்ளி
கோயிலுக்குப் போகவில்லை. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன், பொங்கிவிட்டது.

இவர் செட்டுக்குத் துணி போட்டு மூடிவிட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை, கேட்கவில்லை.

ஃபோன் செய்யுங்கள் என்றேன்.

"அவனுக்கு வேணும்னா அவன் பண்ணட்டும்."

நேற்றுவரை அவரு. இன்றைக்கு அவன்.

13.10, திங்கள்
சந்திரன் வந்தான். இவர் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது சமையல்கட்டுவரை கேட்டது. செட்டு, கம்பம், ஏரியல் எல்லாம் விற்றுவிடலாம்.

"ஆள் இருக்கு அண்ணே. சனிக்கிழம வந்து கழட்டிக்குவான்."

"கழட்டட்டும். யாரு கேக்குறா அதுல."

நான் சந்தோஷப்பட வேண்டியவள். அந்தக் கம்பம் என் முருங்கைக்கு நிழல். இரைச்சல் இல்லாமல் சீரியல் பார்க்கலாம். ஆனால் இவர் பகலிலேயே படுக்க ஆரம்பித்துவிட்டார். சுவரைப் பார்த்து.

16.10, வியாழன்
இவர் தூங்கும்போது நானே குணரத்தினத்துக்கு ஃபோன் போட்டேன். ஏசுவதற்குத்தான். என்ன ஏச வேண்டும் என்று குளிக்கும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"நான் நியாலாஸ் லெட்சுமி. ஒங்களுக்கு மீன் பெருசா, மனுஷன் பெருசா?"

"ஆர், மணியத்தின்ர மனுசியோ? மணியம் எப்பிடி இருக்கிறார்? உயிரோட இருக்கிறாரோ?"

"இருக்காரு. ஒங்க புண்ணியத்துல சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஐயோ தங்கச்சி, நான் ஒவ்வொரு பின்னேரமும் கூப்பிட்டுக்கொண்டல்லோ இருக்கிறன். ஒரு சத்தமும் இல்லை. மீனுக்குக் கோபிச்சிட்டார் எண்டு நினைச்சன். பிறகு ஆஸ்பத்திரியோ எண்டும் நினைச்சன். கேக்கப் பயமாக் கிடந்தது."

வரிசைப்படுத்தியதில் பாதி அப்படியே நின்றுவிட்டது.

முள் ஒன்றில் நிற்கிறது என்றேன்.

"முந்தி எவ்வளவில நிண்டது?"

"ரெண்டுகிட்ட."

"ஏரியல மாத்தினதோ?"

"இல்ல."

"மாத்தாமலே நல்லா வந்திட்டுதோ? அப்ப அது நல்லதில்லை, தங்கச்சி. நாளைக்கு வாறன்."

17.10, வெள்ளி
மழை விட்டுவிட்டு. குணரத்தினத்தை மகள் காரில் கொண்டுவந்து விட்டாள். மெலிந்துவிட்டார். இவர் எழுந்து சட்டை மாற்றினார். இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் கம்பத்தைப் பார்த்தே பேசினார்கள்.

சந்திரன் கம்பத்தை இறக்கினான். குணரத்தினம் மேல் முனையில் ஏரியலைக் கழற்றச் சொன்னார். வயர் மட்டும், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல். கையில் ஒரு சின்னக் கருவி.

"இப்ப போறது முழுக்கத் திரும்பி வரவேணும். போக இடமில்லைத்தானே. ரிட்டர்ன் லாஸ் சைபருக்குக் கிட்ட நிக்கவேணும்."

கருவி பதினாறு என்றது. இவருக்கு முகம் மாறிவிட்டது. இந்த ரிட்டர்ன் லாசில் நட்டம் கூடினால் நல்லதாம், திரும்பி வருவது குறைவு என்று அர்த்தமாம். ஆனால் ஏரியலே இல்லாதபோது நல்லது எப்படி வரும்?

எனக்கு அப்போது பிடிபட்டது. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிறோம். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரும். திரும்பவில்லை, சரி, சாப்பிட்டார்கள் என்று சந்தோஷப்படுகிறோம். அந்த வீடே பூட்டிக் கிடக்கிறது, அப்போதும் குழம்பு திரும்பவில்லை என்றால்? கொண்டுபோனவனே வழியில் குடித்துவிட்டான்.

"வயரு குடிச்சிருச்சு" என்றேன்.

"அதேதான். போகேக்க பாதி, வரேக்க பாதி. முள்ளுக்கு என்ன தெரியும், திரும்பி வரேல்லை எண்டு மட்டும்தான் தெரியும். என்ர சத்தமும் இதுக்குள்ளதான் செத்துப்போச்சு."

கத்தியால் வயரைக் கீறினார். உள்ளே செம்புப் பின்னல் பச்சை பிடித்து, முழ நீளத்துக்கு மஞ்சள் ஈரம்.

இவர்: "யாருடா இதுல மஞ்சத் தண்ணி ஊத்துனது?"

சந்திரன் என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன். "டேப் சுத்துனது நீதானே, சந்திரா."

குணரத்தினம் சிரித்தார். "சாமிக்கு மேலால வையுங்கோ தங்கச்சி. உள்ளுக்க விடாதேங்கோ."

பிறகு தேநீர், முறுக்கு. இரண்டு எடுத்தார். மூன்றாவதையும்.

"நல்ல முறுக்கு. இத்தனை வருசப் பழக்கத்தில உங்கட கையால இதுதான் முதல் தரம், என்ன?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது சந்திரன் லாரியைக் கிளப்பிவிட்டான்.

18.10, சனி
வெயில். எண்ணெய் வாங்க வேண்டும். செட்டு வாங்க வந்த ஆளை இவர் வாசலிலேயே அனுப்பிவிட்டார்.

புது வயர். முள் மறுபடி இரண்டுக்குப் பக்கத்தில். இவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் கூப்பிட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து, "மணியம், கேக்குது, கேக்குது. உம்பாயில நான் சொன்ன கடைதான்."

இவர் செட்டை அணைக்கவில்லை. இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், நல்ல சத்தமாக.

நான் சந்திரனுக்கு ஃபோன் போட்டேன்.

"சந்திரா, செகப்பு மூடி, மயில் போட்டது. எங்கப்பா?"

"அண்ணி, இங்க லைன் சரியில்ல. ஒண்ணும் கேக்கல."

எனக்கு நன்றாகக் கேட்டது.