நவம்பர் கட்டத்தில் விழுந்த பூஜ்யம்

பினாங்கு, 15.12.1986

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இன்று ஆபீசில் எனக்குக் கைதட்டினார்கள்! தோட்டவாரியாக, மாதவாரியாக ரப்பர் பால் எடையைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் நான்தான் எடுக்கிறேன். நம் தோட்டத்துக்கு நவம்பரில் பூஜ்யம் விழுந்திருந்தது.

"அங்க யாருமே மரம் சீவலைலா! ஆளைக் குறைக்கச் சொல்லி எழுதப்போறேன்" என்றார் மேலாளர் சேது.

தேடிப் பார்த்தேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் நவம்பர் தாளே வந்து சேரவில்லை! "கணக்கு வரலை சார், கம்ப்யூட்டர் தானா பூஜ்யம் போட்டுக்கிச்சு" என்றேன். வராத கணக்குக்குக் கட்டம் இனிக் காலியாகவே இருக்கும்படி மாற்றிவிட்டேன்.

ஜெராம் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இரண்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. அந்தக் கட்டத்திலும் நான் பூஜ்யம் போடவில்லை, அப்பா. காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

மகள் ரமணி