எனக்கு எழுதிய மாத்திரை

லீட்ஸ்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, கலைச்செல்வன் வணங்கி எழுதுவது. தாங்களும் அம்மாவும் நலமா? திருமானூரில் மழை உண்டா?

“நம்மூரு மாத்திரையெல்லாம் சுண்ணாம்பு, நீ அனுப்புறதுதாம்ப்பா எனக்குக் கேக்குது” என்று போனில் பெருமையாகச் சொல்வீர்கள். அவை என் ரத்த அழுத்தத்துக்காக இங்குள்ள மருத்துவர் எழுதியவை. மாதந்தோறும் மறுபடி கேட்டு வாங்கி, நான் விழுங்காமல் தங்களுக்கு அனுப்பிவந்தேன்.

சென்ற வாரம் பரிசோதனைக்கு அழைத்தார்கள். கவலை வேண்டாம், அழுத்தம் சற்று ஏறியிருந்தது, அவ்வளவே. “தினமும் சாப்பிடுகிறீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். “ஆம்” என்றேன். வக்கீல் ஆபீஸில் பிறருடைய சத்தியப் பிரமாணங்களைச் சொல் சொல்லாகச் சரிபார்ப்பது என் தொழில். அவர் என்னை நம்பி, மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார்.

அந்த மாத்திரைதான் அடுத்துத் தங்களுக்கு வந்திருக்கும் என்பது பஸ்ஸில்தான் உறைத்தது. இறங்கித் திரும்பிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் என்னால் தலைநிமிர்ந்து வந்திருக்க முடியும்.

இனி அனுப்ப இயலாது. இருப்பு தீருமுன் அரியலூர் சென்று மருத்துவரிடம் காட்டி, தங்களுக்கென்று எழுதுவதை வாங்குங்கள். அங்கே பார்த்த அழுத்தத்தை எனக்குச் சொல்லுங்கள். என்னுடையதையும் தாங்களே கேளுங்கள். இங்கே கேட்பதற்கு வேறு யாருமில்லை.

ஆபீஸுக்கு நேரமாகிறது, முடிக்கிறேன்.

தங்கள் மகன்,
கலைச்செல்வன்